ஒரு காவடிக்கு எவ்வளவு இடம்

புதிதாக ஆய்வுக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள் "உங்க சாதனைகளச் சொல்லுங்க மேடம்" என்றார்கள். சாதனைகளையெல்லாம் என் ஓய்வு விழாவிலேயே மெய்யும் பொய்யுமாகக் கலந்து சொல்லி, மாலையும் போட்டு முடித்துவிட்டார்கள். இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். தூக்கம் வருகிறவர்கள் பின் வரிசைக்குப் போய்விடுங்கள். முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டால் எனக்குக் கோபம் வரும். அதை உங்கள் அண்ணன்மார், அக்காமார் சொல்லியிருப்பார்கள்.

நான் கணக்கு வாத்தியார். கூட்டம் எப்படி நகர்கிறது, எங்கே தேங்குகிறது, எங்கே நெரிகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணவூர் ரயில்வே கேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, காத்திருக்கும் வண்டிகளை எண்ணி, ஒரு புது முறையைக் கண்டுபிடித்தேன். ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஒரு வருஷத்துக்கும் மேல் பதிலில்லை. பிறகு "ஏற்பதற்கில்லை" என்று ஒற்றை வரி வந்தது. அடுத்த சில மாதத்தில் அதே முறை வேறொருவர் பெயரில் வேறொரு இதழில் வந்தது. அவர் திருடினாரா, தானாகவே யோசித்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்தான் முதலில் செய்தேன் என்று காட்ட என்னிடம் தேதி போட்ட ஒரு துண்டுத்தாள்கூடக் கிடையாது. அன்று மணவூர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு வண்டியை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.

அந்த அழுகையிலிருந்து நான் படித்துக்கொண்ட பாடம் முழுக்கத் தப்பு. இனி யாருக்கும் எதையும் காட்டக் கூடாது என்று முடிவு கட்டினேன். மேசை இழுப்பறைக்குப் பூட்டு. கணினிக்குப் பூட்டு. என்னிடம் ஆய்வு செய்த பிள்ளைகள் கருத்தரங்கில் வாயைத் திறப்பதற்கு முன் என் முகத்தைப் பார்ப்பார்கள். வேலையிலிருந்த காலமெல்லாம் இப்படியே ஓட்டினேன்.

ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது கோமதி வந்து சேர்ந்தாள். கே.ஜி.கண்டிகைப் பெண். அவள் அப்பா முனிரத்தினம் அங்கே ஆட்டோ ஓட்டுகிறார். அவரை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப் படியில் புஷ்பக் காவடி எடுத்து ஏறுகிற மனிதர். கோமதியோ வாயாடி. முதல் வாரமே என் இழுப்பறைச் சாவியைப் பார்த்து, "இன்னா மேடம், நக வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கிருத்திகைக் கூட்டம் படியில் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோம். அனுமதி வாங்கி, படியின் அடியில் ஒரு கேமரா, உச்சியில் ஒரு கேமரா வைத்தோம். எத்தனை பேர் நுழைந்தார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள், ஒருவருக்கு எவ்வளவு நேரமானது என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து எண்ணினோம். கணக்கில் ஓரிடத்தில் கொஞ்சம் இடித்தது. சிலருக்கு வழியில் நேரம் அதிகமாகியிருந்தது. "வயசானவங்க மூச்சு வாங்க நின்னிருப்பாங்க" என்று நானே காரணம் சொல்லி, அதை அப்படியே எழுதச் சொன்னேன்.

முடிவில் ஒரு யோசனை கிடைத்தது. படியின் நடுவே தடுப்பு கட்டி, ஒரு பக்கம் ஏற, ஒரு பக்கம் இறங்க விட வேண்டும். பாதி வழியில் வரும் மண்டபத்தில் பக்கவாட்டுத் திறப்புகளை அடைத்துவிட்டால் குறுக்கே நுழைகிறவர்கள் குறைவார்கள், ஓட்டம் சீராகும். கணக்குப்படி அழகாக இருந்தது. தை மாதம் இதழுக்கு அனுப்பினோம். மாசி போயிற்று, சித்திரை போயிற்று, ஆனி வந்தது. இணையத்தில் போய்ப் பார்த்தால் "பரிசீலனையில் உள்ளது" என்றே இருந்தது.

ஆனி நடுவில், விழா ஏற்பாட்டைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். கேமராவுக்கு அனுமதி கொடுத்தவர்கள் மூலம் எங்கள் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். "உங்க யோசனைய இந்த வருஷமே செஞ்சி பாக்கலாம் மேடம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பரிந்துரையை மட்டும் இரண்டு பக்கத்தில் எழுதி, உறையில் போட்டு, "இதழில் வரும் வரை யாருக்கும் காட்டாதீர்கள்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கோமதியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"மேடம், மொதல்ல ப்ரீபிரிண்டா போட்டுடலாம் மேடம்."

ப்ரீபிரிண்ட் என்றால் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இதழ் நியமிக்கும் நடுவர்கள் பார்த்து முடிக்கும் வரை காத்திராமல், கட்டுரையை ஒரு பொதுத் தளத்தில் தேதியோடு ஏற்றிவிடுவது. "இது இன்னும் நடுவர் பார்க்காதது" என்று மேலேயே எழுதியிருக்கும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம், குறை சொல்லலாம். எங்கள் இதழும் அதை அனுமதித்திருந்தது. நான்தான் அனுமதிக்கவில்லை.

"உனக்கென்ன பைத்தியமா? எவனாவது தூக்கினு போயிட்டா?" என்றேன். கோபம் வந்தால் எனக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"தூக்கினு போவட்டும் மேடம். எங்க நைனா அந்தப் படியிலதான் ஏறுவாரு. அவர் ஏர்ற படிக்குக் கணக்கு போட்டவங்க நீங்களும் நானும் ரெண்டே பேரு. நடுவர் இன்னும் பாக்கல. மூணாவதா ஒரு ஆளு பாக்காமயே ஜனத்த ஏத்தறதா?"

"என் கணக்குல தப்பு இருக்குன்றியா?"

"எனுக்குத் தெரியலயே மேடம். அதுக்குத்தான் கேக்கறேன்."

வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு வந்தேன். அவள் சொன்ன "ரெண்டே பேரு" என்பதுதான் உறுத்தியது. அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்ட பிள்ளை. அப்படிப் பார்த்தால், ஆயிரக்கணக்கான ஜனம் ஏறும் படிக்கு ஒரே ஒரு ஆள் கணக்கு. அந்த ஆளும் திருத்தணியிலேயே பிறந்து வளர்ந்திருந்தும், கிருத்திகையன்று ஒரு தடவைகூடப் படி ஏறாதவள். எங்களுடையது மூன்று தலைமுறையாகக் கிறித்தவக் குடும்பம். கிருத்திகை என்றால் எங்கள் வீட்டில் காலையிலேயே பால், காய்கறி வாங்கி வைத்துவிட்டு, கூட்டம் கலையும்வரை வெளியே வர மாட்டோம். மலைக்கு நான் போனதெல்லாம் கேமரா மாட்ட, சாதாரண நாளில்தான்.

மறுநாள் காலை கோமதி வந்ததும், "ஏத்தித் தொலை" என்றேன். அவள் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே ஏற்றினாள்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் திருடவில்லை. யாரும் படித்ததாகவும் தெரியவில்லை. எனக்கு அதுவேறு வருத்தம்! பதினோராம் நாள் ஒரு கருத்து வந்தது. எழுதியவர் ஆந்திரா பக்கம் புத்தூரில் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். வருஷா வருஷம் குடும்பத்தோடு திருத்தணிக்குக் காவடி எடுத்து வருகிறவர். மரியாதையான ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, பேச விரும்பினால் என்று தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தார். கூப்பிட்டேன்.

"இந்த வருஷம் கூட்டம் எப்டி இருக்குமோன்னு நெட்ல தேடிகினு இருந்தேனுங்க. உங்க கட்டுரை வந்துது. மத்ததெல்லாம் காசு கட்டுன்னுது, இது தொறந்துது, படிச்சிட்டேன். கணக்கு நல்லா இருக்குதுங்க மேடம்."

"ஆனா?" என்றேன். வாத்தியார்கள் பாராட்டிவிட்டு அடுத்து என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

"மண்டபத்துல ஜனம் நிக்காம போவும்னு எழுதிட்டீங்களே. காவடி அங்க நிக்குமுங்க. பம்ப மேளக்காரங்க அங்கதான் நின்னு அடிப்பாங்க. அடிச்சா காவடி ஆடும். ஒரு பாட்டு முடியங்காட்டியும் நகராது. வீட்டு ஆளுங்க சுத்தி நிப்பாங்க. பின்னால வர்றவங்க அந்தப் பக்கத் தொறப்புல ஒதுங்கிதான் தாண்டிப் போறாங்க. அத அடச்சிட்டா எங்க போவாங்க மேடம்? பின்னால இருந்து தள்ளினு வருவாங்களே. கொழந்த குட்டிங்கல்லாம் இருக்குமுங்க."

போனைக் காதில் வைத்தபடியே கட்டுரையைப் புரட்டி அந்த வரியைத் தேடினேன். மூச்சு வாங்க நின்ற வயதானவர்கள் என்று நான் எழுதினது காவடி ஆடின நேரம். கீழே எண்ணினோம், மேலே எண்ணினோம், நடுவில் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"ஆங், இருக்கேன். நீங்க சொல்றது சரி. ரொம்பப் பெரிய உபகாரம் செஞ்சீங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவர் பதறிப்போய் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுஷன்.

கோமதியிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "வருஷா வருஷம் நைனாவுக்கு முன்னால பால்கொடம் தூக்கினு போறேன் மேடம். திரும்பிப் பாத்ததே இல்ல. பம்ப சத்தம் மட்டும் கேக்கும். மண்டபத்துல அவர் பின்தங்கிட்டா மேல போயி காத்துகினு நிப்பேன்." அழுதுவிடுவாள் போலிருந்தது. நான் திட்டவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அன்று மத்தியானமே முனிரத்தினத்தை வரச் சொன்னோம். வீட்டிலிருந்த காவடியை ஆட்டோ மேல் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். "பூவும் கட்டல, பூசையும் போடல, இப்ப இது வெறும் மரந்தான், அளந்துக்குங்க" என்று தோளில் வைத்துக்கொண்டு எங்கள் துறை வராந்தாவில் ஒரு சுற்றுச் சுற்றினார். நான் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட, கோமதி டேப்பைப் பிடித்தாள். கணக்கில் நாலு பேருக்கு என்று நாங்கள் ஒதுக்கியிருந்த இடம் அந்த ஒரு சுற்றுக்கே போதவில்லை.

"இது இன்னா மேடம், பெரிய ஆராய்ச்சியா? போன வருசமே என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேனே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்று தைத்தது.

இரண்டு நாளில் கணக்கை மாற்றினோம். மண்டபத்தின் பக்கத் திறப்புகள் கட்டாயம் திறந்திருக்க வேண்டும், நடுத் தடுப்பை மண்டபத்துக்குக் கீழேயே நிறுத்திவிட வேண்டும், காவடி ஆட ஒரு பக்கமும் தாண்டிப் போக ஒரு பக்கமும் விட வேண்டும் என்று எழுதினோம். அதைத் தளத்தில் இரண்டாம் பதிப்பாக ஏற்றினோம். முதல் பதிப்பில் என்ன தப்பு, சுட்டிக்காட்டியது யார் என்பதை முதல் பக்கத்திலேயே போட்டோம். இதழின் ஆசிரியருக்கும் எழுதினோம். பதிலில்லை.

இப்போது அதிகாரியிடம் போக வேண்டும். பிள்ளைகளே, இங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கிருத்திகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. படி அடியில் சவுக்குக் கட்டைகள் இறங்கிவிட்டன. மண்டபத்துத் திறப்பில் ஆட்கள் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். வேறு யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லலாமா, "சிறு மாற்றம்" என்று பூசி மெழுகி ஒரு கடிதம் கொடுக்கலாமா என்றெல்லாம் புத்தி போயிற்று. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அவர் அறைக்குள் போனேன்.

"சார், நான் கொடுத்த யோசனை தப்பு. கட்டினதைப் பிரிக்கணும்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன மேடம் வெளையாடறீங்களா? அன்னிக்கு இதுதான் சரின்னு சொன்னீங்க. மேல சொல்லி ஒப்புதல் வாங்கிட்டேன். இப்ப தப்புன்னா? நாளைக்கு வந்து இதுவும் தப்புன்னு சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்வி. என் பழைய வழக்கப்படி இருந்திருந்தால் என்னிடம் பதிலே இருந்திருக்காது. உறைக்குள் ஒரு காகிதம், அதை மறுத்து இன்னொரு காகிதம், இரண்டுக்கும் நானே சாட்சி. கோமதி தன் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். முதல் பதிப்பு, புத்தூர்க்காரரின் கருத்து, எங்கள் பதில், இரண்டாம் பதிப்பு, எல்லாம் தேதியோடு வரிசையாக இருந்தன. அதற்குள் இன்னும் மூன்று பேர் படித்துவிட்டு இரண்டாம் பதிப்பைச் சரி என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் வேறு மாநிலத்தில் இதே வேலை செய்கிறவர்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பத்து நிமிஷம் இருக்கும். "இந்தத் தப்ப நீங்களே ஊரறியப் போட்டு வெச்சிருக்கீங்களே மேடம்" என்றார்.

"ஆமாம் சார். ஒளிச்சு வெச்சிருந்தா யார் கண்ணுலயும் பட்டிருக்காது."

அவர் போனை எடுத்து, மண்டபத்துக் கட்டையைப் பிரிக்கச் சொன்னார்.

ஆடிக் கிருத்திகையன்று நான் வீட்டில் இருக்கவில்லை. காலையிலேயே போய் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை ஜனத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனம், தோளில் குழந்தை, கையில் குடம், "அரோகரா" என்று காது அடைக்கும் சத்தம். முனிரத்தினம் வந்தார். பூ அலங்காரத்தில் ஆளே தெரியவில்லை. பம்பை அடிக்க ஆரம்பித்தது. அவர் நின்றார். ஆடினார். அவரைச் சுற்றி வட்டம் விழுந்தது. பின்னால் வந்த கூட்டம் அலையாக வந்து முட்டும் என்று நான் தூணை இறுக்கிப் பிடித்தேன். கூட்டம் பக்கத் திறப்பு வழியாக ஒதுங்கி, அவரைத் தாண்டி, மேலே ஏறிக்கொண்டே இருந்தது. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் "தள்ளுங்க, தள்ளுங்க" என்று என் காலை மிதித்துவிட்டுப் போனாள். மிதித்துக்கொண்டு போகட்டும் என்று இருந்தது எனக்கு. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

ப்ரீபிரிண்ட் போடலாமா என்று என்னிடம் கேட்க வருகிறீர்கள். போடுங்கள். உங்கள் பெயரும் தேதியும் அதில் இருக்கும், மணவூர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழ வேண்டியதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட ஒரு கட்டுரை கையில் இருக்கும். பெரிய நூலகம் இல்லாத புத்தூர் வாத்தியாரும் படிப்பார். ஆனால் ஒன்று, ஏற்றிவிட்டதாலேயே அது உண்மையாகிவிடாது. முந்தின நாள் ஏற்றி மறுநாள் பத்திரிகைக்காரரைக் கூப்பிடுகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குத் தெரியாதது இன்னது, நான் பார்க்காதது இன்னது என்று எழுதி வைத்துவிட்டு ஏற்றுங்கள். நான் "மண்டபத்தில் கேமரா வைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். புத்தூர்க்காரர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தாராம்.

நடுவர்களைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், இதழிலிருந்து பதில் வந்தது. தையில் அனுப்பிய முதல் பதிப்பைத்தான் நடுவர் படித்திருந்தார். கோமதிக்கு வாசித்துக் காட்டினேன். வழியிலுள்ள மண்டபத்தில் மக்கள் நிற்கக்கூடும் என்பதை ஆசிரியர்கள் கருதவே இல்லை, பக்கத் திறப்புகளை அடைத்தால் நெரிசலில் உயிர்ச்சேதம் நேரலாம், இந்தப் பரிந்துரையைச் செயல்படுத்தும் முன் திருத்த வேண்டும் என்று எழுதியிருந்தார். யாரோ, எங்கேயோ உட்கார்ந்து, படியையே பார்க்காமல் சரியாகக் கண்டுபிடித்திருந்தார். கெட்டிக்காரர். கிருத்திகை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

கோமதி தாளை என்னிடமிருந்து வாங்கி மறுபடி ஒருமுறை படித்தாள். மேசை மேல் வைத்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். மழைச் சத்தத்தில் கொஞ்சம் உரக்கத்தான் பேசினாள்.

"நைனா... ஒண்ணுமில்ல நைனா, சும்மாதான். எங்க கீற? சாப்ட்டியா?"